சடையப்பன் விடிய வைத்த வானம்

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் தகர வேலை செய்துவந்த சடையப்பன், ஓட்டைக் குடங்களையும் அரிக்கேன் விளக்குகளையும் ஒட்டிக் கொடுத்தே பிழைத்தவர். 1956-இல், ஒரு பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்காக, வானத்தையும் செய்தார்.

விஞ்ஞான ஆசிரியர் உலகநாதன் கேட்டது ஓர் உருண்டைத் தகரக்கூடு. அதில் நட்சத்திரப் படத்தின்படி துளைகள்: மங்கியவற்றுக்கு ஊசித் துளை, பளிச்சென்று தெரிபவற்றுக்கு ஆணித் துளை. உள்ளே பல்பு. இருட்டுக் கொட்டகையில் ஒவ்வொரு துளையின் ஒளியும் தலைக்கு மேலே கவிந்த வெள்ளைத் துணியில் ஒரு நட்சத்திரமாக விழும். கைப்பிடியைச் சுற்றினால் அவை கிழக்கே ஏறி மேற்கே இறங்கும்; துருவ நட்சத்திரம் மட்டும் வடக்கே தாழ்வாக அசையாமல் நிற்கும். கிழக்கு ஓரத்தில் கறுப்புக் காகிதத்தில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம். அதற்குக் கீழேதான் சாக்குத் திரை போட்ட ஒரே வாசல்.

முதல் காட்சிக்கு நட்சத்திரங்கள் மங்கலாக இருக்கின்றன என்று பெரிய பல்பு மாட்டியிருந்தார்கள். பாதி இரவு சுற்றியபோது சடையப்பனுக்குக் கைப்பிடி சுட்டது. கூட்டின் இரு பாதிகளையும் ஈயத்தால்தான் பற்றவைத்திருந்தார். ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. மூட்டு விரிந்து, வானத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியது.

"வால் நட்சத்திரம் டோய்!" பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்கள் நடுவே அவர் மகள் வசந்தாவும் இருந்தாள்.

சடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். மேலே துணி, அதற்கு மேலே ஓலைக் கூரை. நெருப்பு என்று கத்தினாலோ, பல்பைச் சட்டென்று அணைத்தாலோ, இந்த இருட்டில் பிள்ளைகள் ஒன்றையொன்று மிதித்தே செத்துப்போகும்.

"சார், பொழுது விடியட்டும்" என்றார் ஆசிரியர் காதோரம்.

"இப்பத்தானய்யா ராத்திரி ஆச்சு. இன்னா அவசரம்?"

"ஈயம் உருகுது சார். இப்பவே விடியணும்."

 உலகநாதன் பாடம் நடத்தும் அதே குரலில் சொன்னார்: "பிள்ளைங்களா, அதோ மாமல்லபுரத்துல கிழக்கு வெளுக்குது பாருங்க."

சடையப்பன் தவழ்ந்துபோய்ச் சாக்கின் ஓரத்தை விரற்கடை தூக்கினார். இன்னும் கொஞ்சம்.  கிழக்கு ஓரம் பழுத்தது, நட்சத்திரங்கள் கரைந்தன. திரையை முழுதும் விலக்கியதும் ஆசிரியர் சுவிட்சை அணைத்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரிசையாகச் சூரியனுக்குள் நடந்தார்கள். கடைசிப் பிள்ளை வெளியேறியபின் கூடு இரண்டாகப் பிளந்து மணலில் விழுந்தது.

"இன்னா நைனா, ராத்திரி இம்மாந்தூண்டுதானா?" என்றாள் வசந்தா. அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

மறு வாரம் ஈயமே இல்லாமல், திருகாணியால் முடுக்கி, அடியில் காற்றுவழி வெட்டிப் புதுக் கூடு செய்தார். சின்னப் பல்புதான். ஆனாலும் காட்சி நடந்த நாளெல்லாம் அவர் கைப்பிடியைத் தொடவில்லை. சாக்கின் ஓரத்தைப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.