அக்காவின் செபத்தை நிறுத்திய நாள்

இலங்கையில், எங்கள் மாத்தளையில் டாக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் செய்தியை ஊகிக்க வேண்டும். மெல்பேர்னில் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். "இன்றைக்கு அனிட்டாவின் இதயம் நன்றாக ஓட வேண்டும்" என்றார் சிகிச்சை செய்யவிருந்த டாக்டரம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஒன்பது வயது மகளுக்கு இருந்த ஒரே வியாதியே அந்த ஓட்டம்தான். இதயத்துக்குள் தேவையில்லாத ஒரு மின்பாதை. நினைத்த நேரம் துடிப்பு இருநூறைத் தாண்டும். தொடையில் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை விட்டு, ஓட்டத்தை அவர்களே கிளப்பி, பிழையான இடம் தெரிந்ததும் அதைச் சூடு வைத்துச் சுட்டுவிடுவார்களாம். ஓட்டம் கிளம்பாவிட்டால் எங்கே சுடுவது?

அந்த ஓட்டத்தை முதலில் கண்டது மாத்தளைக்குப் பக்கத்தில் வஹகோட்டையில், விடுமுறைக்குப் போன இடத்தில். அக்கா வீட்டு வாசலில் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்தாள். நான் த்ரீவீல் பிடிக்க ஓடினேன். அக்கா புனித அந்தோனியாரைக் கூப்பிட்டபடி குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். ஓட்டம் நின்றது. மெல்பேர்னில் இதை வெட்கத்தோடு சொன்னேன்; குளிர்ந்த தண்ணீர் நல்ல முதலுதவிதான் என்று டாக்டர் பாராட்டினார். அதை அக்காவிடம் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து குடும்பத்தின் இதய நிபுணர் அவர்தான்.

சிகிச்சை நாளன்று அக்கா காலைப் பூசை முடிந்தும் அந்தோனியார் கோயிலில் முழங்காலில் இருந்தார். பிள்ளையின் இதயம் கொஞ்சமும் ஓடக்கூடாது என்பது வேண்டுதல். இங்கே இரண்டு மணித்தியாலமாக ஓட்டப் பார்க்கிறார்கள், ஓடவில்லை. ஒரு தாதி வெளியே வந்து, இதயத்தை மெதுவாக்கும் எதையாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். மருந்தை நிறுத்தி ஐந்து நாள் என்றேன். வேறு ஏதாவது?

"ஊரில் என் அக்கா செபிக்கிறார்."

"எவ்வளவு அன்பு!" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனார். நான் காரணம் சொன்னேன். அவர் பாசம் என்று நினைத்துவிட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமலே மயக்கத்திலிருந்து எழுப்பிவிடுவார்களாம். பிறகு அதே பயம், பள்ளிக்கூடத்திலிருந்து அதே ஃபோன். மனைவி ரோசி என்னை முறைத்தாள். "அக்காவுக்குக் கோல் எடுங்க. நிப்பாட்டச் சொல்லுங்க."

"அக்கா, செபத்தக் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றேன்.

"ஏன் தம்பி, பிள்ளைக்கு என்ன?"

"ஒன்னுமில்ல. இதயம் ஓட மாட்டேங்குது. ஓடினாத்தான் சுடலாம்."

"ஓட வேணாம்னுதானே விடியக்காலையில இருந்து கெஞ்சுறேன்! இத முதல்லயே சொல்லக்கூடாதா? இப்ப அந்தோனியார்கிட்ட என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

ஏதோ ஊசி ஏற்றியதும் ஓடியதாக டாக்டர் பிறகு சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்க எனக்குத் துணிவில்லை. சுட்டார்கள். அதன்பின் அரை மணித்தியாலம் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்தார்கள், ஓட்டம் வரவேயில்லை. செபம் இல்லாமலே வரவில்லை.

அனிட்டா காலை நீட்டிப் படுத்தபடி ஐஸ்கிரீம் கேட்டாள். நான் அழுதேன். அப்போதுதான் அக்காவின் ஞாபகம் வந்தது. கோல் எடுத்தேன். வீட்டுக்கும் போகாமல், செபிக்கவும் செய்யாமல், செபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு கோயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

"தம்பி, இப்ப ஆரம்பிக்கலாமா?"

எதிரே நின்ற டாக்டர், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி ஒன்றும் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையாட்டினேன்.

ஃபோனில், "ஆரம்பிங்க அக்கா" என்றேன்.