ஜீப்பிலிருந்து உதிர்ந்த ஈயம்

பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பவனை ஊர் பாராட்டும். அதற்கு முன் பழைய பெயிண்டைத் தேய்த்து எடுப்பவனுக்கு இருமல்தான் மிச்சம். தச்சரோ கொத்தனாரோ, தூசி தின்று பிழைக்கிற என் இனத்தாரே, இதைக் கொஞ்சம் கேளுங்கள். நான் மலேசியாவில், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன்.

சிவந்த பஞ்சு

கிள்ளானிலிருந்து டேனியல் அங்கிள் ஒரு ராணுவ ஜீப்பை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற சார்ஜன்ட். இளவயதில் தான் ஓட்டிய அதே ஜீப் ஏலத்துக்கு வந்ததைக் கண்டு வாங்கிவிட்டார்.

கதவோரத்தைக் கத்தியால் சுரண்டினேன். மேலே பச்சை, கீழே மண் நிறம், மறுபடி பச்சை, அடியில் ஆரஞ்சு. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். ஈயம் பட்டால் நிறம் மாறுகிற பஞ்சுக்குச்சியால் தேய்த்தேன். ரத்தத்தைத் தொட்டதுபோல் சிவந்தது. இது விஷம், மிஷின் போடக் கூடாது, தண்ணீர் விட்டுக் கையால்தான் தேய்க்கணும், நாளாகும் என்றேன். அங்கிள் பஞ்சையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுமேல தட்டை வச்சுத்தான்யா நாங்க சோறு தின்னோம்."

ஆணியில் தொங்கிய மாஸ்க்

எங்கள் பட்டறையில் தேய்ப்பு வேலை மணியம் அண்ணனுடையது. வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். தகரக் கூரைக்கு அடியில், உச்சி வெயிலில், அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். தண்ணீர் பட்டால் தகடு துருப்பிடிக்கும் என்று சொல்லி, பெயிண்ட் தேய்க்கிற சேண்டிங் மிஷினையும் எடுத்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது, ஜீப்பைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக்குக்குள் பச்சைப் பனி மூட்டம். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணன் கோபப்படவில்லை. உதட்டில் ஒட்டிய தூசியை நாக்கால் துழாவித் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"நான் இதுவரைக்கும் தின்ன பெயிண்டுல ரெண்டு லோரிக்கு அடிச்சிருக்கலாம் தம்பி. எனக்கு என்ன ஆச்சு?"

காப்பிக் கோப்பை

ஆகிக்கொண்டுதான் இருந்தது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். கேஸ்ட்ரிக் என்று கிளினிக்கில் மாத்திரை வாங்கி விழுங்குவார். ஒரு நாள் பக்கத்துக் கடையில் காப்பிக் கோப்பையைத் தூக்கினார். மணிக்கட்டு தொங்கிவிட்டது. சூடான காப்பி மடியில் கொட்டியும் எழுந்திருக்காமல், தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "அங்கிள், என்ன வேலை பாக்குறீங்க?" என்று அண்ணனிடம் முதன்முதலாகக் கேட்டது அங்கிருந்த டாக்டரம்மாதான். ரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரிந்தது.

பூச்சோங்கிலிருந்து அவர் மனைவி சரோஜா அக்கா பதறிக்கொண்டு வந்தார். கூடவே மாசமாக இருந்த மகள். டாக்டரம்மா சொன்னதை அக்காவுக்கு விளக்கினேன். தூசி மூச்சில் போகும், கையிலிருந்து சோற்றில் போகும், உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். கடைசியாகச் சொன்னதும் அக்கா மகளின் வயிற்றைப் பார்த்தார்.

"அவரு சட்டையை உதறித் துவைக்கிறது நான் இல்ல தம்பி. இவதான்."

இடது பக்கத் தகடு

ஜீப்பை நான் முடித்தேன். மாஸ்க், கையுறை, வாளித் தண்ணீர். தேய்த்த கசடை லோங்காங் சாக்கடையில் ஊற்றாமல் தனி டின்னில் அடைத்தேன். குளித்து உடுப்பு மாற்றாமல் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மெதுவான வேலை. ஒவ்வொரு நிறமாகக் கரைந்து போகும்போதெல்லாம் அண்ணனின் தொங்கிய கைதான் கண்ணில் வரும்.

இடது பக்கத் தகட்டில் பெயிண்ட் போனதும், புட்டிப் பசை வைத்து அடைத்த ஓட்டைகள் தெரிந்தன. டேனியல் அங்கிளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு ஓட்டையில் விரலை வைத்தபடி நின்றார். எல்லைக் காட்டுப் பாதையில் மறைந்திருந்து சுட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் அங்கேயே உயிரை விட்டானாம். வெல்டிங் வைத்துச் சுத்தமாக மூடிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"ஒரு தடவை மூடினது போதும். அப்படியே பச்சை அடிங்க."

வெள்ளிக்கிழமை

மணியம் அண்ணனுக்கு வயிற்று வலி நின்றது. கை பாதிதான் திரும்பி வந்தது; சட்டைப் பொத்தானை இன்னும் அக்காதான் போட்டுவிடுகிறார். மகளின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. பெண் குழந்தை பிறந்தது. அதன் பிஞ்சுக் கையிலும் ஊசி குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் யாரும் நிம்மதி தருகிற ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற ஒருவர், கடை வாசலில் காட்சிக்கு நிறுத்த ஒரு பழைய ராணுவ லோரியைக் கொண்டுவந்தார். பஞ்சு சிவந்தது. மிஷினால் ஏன் தேய்க்க மாட்டோம் என்பதற்கு அண்ணன் கதை முழுவதையும் சொன்னேன். அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு லோரியைவிட்டுத் தள்ளி நின்றார்.

"ஐயோ பாவம். நீங்க பாத்து செய்ங்க பாஸ். வெள்ளிக்கிழமை கெடைச்சிடும்லா?"

உடம்புக்குள் போன ஈயம் எப்போது இறங்கும் என்று கேட்டால் பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்கிறார், பெயிண்ட் காய்வதற்குப் பொறுத்திருக்கிற வாடிக்கையாளர் மட்டும் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.