சூரியனுக்கு முந்தைய மூன்று நாள்

கடவுள் ஆறே நாளில் உலகத்தைப் படைத்தார் என்று நம்புகிறவன் நான். யுகம் இல்லை, உவமை இல்லை, நாள் என்றால் நாள். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்பு உருக்காலையில் இது எல்லாருக்கும் தெரியும். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சபையிலும் துணை இல்லை. "நாள்னா நீண்ட காலமாவும் இருக்கலாம் பிரதர்" என்று போதகரே நழுவிவிட்டார். வந்த கோபத்தில் இரண்டு ஞாயிறு நான் சபைப் பக்கமே போகவில்லை.

விடாமல் என்னோடு மல்லுக்கட்டியவன் ஒருவன்தான். எங்கள் ஆலையில் ஃபிட்டர், எந்தச் சாமியையும் கும்பிடாதவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். நான் மீஞ்சூரில் ரயில் ஏறுவேன். அவன் பொன்னேரியில் நின்றபடி மிஸ்டு கால் கொடுப்பான், நான் கூப்பிட்டு எந்தப் பெட்டி என்று சொல்வேன். ஏறி உட்காருவதற்குள் ஆரம்பித்துவிடுவான்.

"இன்னாண்ணா, சூரியனே நாலாம் நாளுதான் வந்துச்சின்றீங்க. அப்ப மொத மூணு நாள உங்காளு எத்த வச்சி எண்ணுனாரு?"

ஒரு வாரம் யோசித்துப் பதிலோடு வந்தேன்.

"திங்கக்கிழம நைட் ஷிஃப்டுக்குப் போறோம், செவ்வாக்கிழம காலைல வெளிய வர்றோம். அட்டெண்டன்ஸ் அட்டைல இன்னா கிழம போடறான்?"

"திங்க."

"சூரியனக் கேட்டுகினா போடறான்? எது ஒரு நாளுன்னு கம்பெனி வச்சவன் சொல்றான். உலகத்த வச்சவரு சொல்லக்கூடாதா?"

கவரைப்பேட்டை தாண்டும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் நட்சத்திர வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான், அது இங்கே வந்து சேரவே கோடிக்கணக்கான வருஷம் ஆகுமாம். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் என்னோடு சண்டை போட ஆளில்லை.

ஒரு நாள் அவன் சலித்துப்போய்க் கேட்டான்.

"ஆறு நாளோ ஆறு கோடி வருசமோ, உங்களுக்கு இன்னாண்ணா போவுது?"

அன்றைக்கு ஏனோ உள்ளே இருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"எங்க ஊட்டுக்காரம்மாவ நான் மறுபடி பாப்பேன்னு அதே புக்லதான்பா போட்டுக்கீது. மொத பக்கமே சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுன்னா, கடைசி பக்கத்த நான் எப்பிடி நம்பறது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகும் மிஸ்டு கால் வந்தது, கேள்விதான் வரவில்லை. கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசினான், மகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றிப் பேசினான். வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வெட்கத்தை விட்டு நானே வம்புக்கு இழுத்தேன்.

"சூரியன் வர்றதுக்கு மின்னாடியே மரம் செடிலாம் மொளச்சிடுச்சின்னு எழுதிக்கீது. அது எப்பிடின்னு கேக்க மாட்டியா?"

அவன் இட்லிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தான்.

"ஆறு நாளுதாண்ணா. நான் ஒத்துக்கறேன். நீங்க சாப்டுங்க."

அதில் ஒரு சொல்லையும் அவன் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.