இப்படி அவள் சொல்ல மாட்டாள்

சுபத்ராவுக்கு நாற்பத்தொரு வயது. பொழிச்சலூரில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா சாம்பசிவனோடு இருக்கிறாள். பம்மலுக்குக் காய்கறி வாங்கப் போனாலும் அரை மணியில் திரும்பிவிட வேண்டும். அதனால் வீட்டிலிருந்தே வேலை. வீடியோ கேம்களில் பாத்திரங்கள் பேசும் தமிழ் வசனங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள். மூன்றுக்குக் கீழே போட்டால் காரணம் எழுத வேண்டும். அந்த வசனம் மாற்றி எழுதத் திரும்பிப் போகும்.

அந்தக் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டவன் தம்பி அச்சுதன். அங்கேதான் வசனம் எழுதுகிறான், கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறான். மூன்று வருடத்தில் சுபத்ரா யாருக்கும் ஐந்து போட்டதில்லை. சாகிறவர்கள்கூட நீளமாகப் பேசுகிறார்கள் என்பது அவள் குறை. அவளிடம் மார்க் வாங்குவதற்கு ப்ளஸ் டூவை மறுபடி எழுதிவிடலாம் என்பான் அச்சுதன்.

போன மாதம் வந்த கேமில் ஒரு கோட்டை. நோயில் கிடக்கும் காவல்காரருக்கு ஒரு மகள், எப்போதாவது வந்துபோகும் சிப்பாய் மகன். மகள் அவனிடம் சொல்கிறாள்:

"நீ வர்ற அன்னிக்கு மட்டும் அப்பா எழுந்து உட்கார்றார். அதனால நான் சொல்றதெல்லாம் உனக்குப் பொய்யாத் தெரியுது."

இது பொங்கலன்று போனில் அச்சுதனிடம் சுபத்ரா சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. அன்றைக்கு அவன் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டான்.

இரண்டு போட்டால் போதும், வசனம் போய்விடும். வீட்டுப் பேச்சு ஊர்ப் பேச்சாகாது. ஆனால் இத்தனை நாளில் அவள் படித்தவற்றுள் உயிரோடிருந்தது இது ஒன்றுதான். சொன்னவள் ஒருத்தி, எழுதியவன் ஒருவன். மதிப்பெண் யாருக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே அப்பா கூப்பிட்டார். போய்ப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து ஐந்து போட்டாள்.

அடுத்து சிப்பாய் மன்னிப்புக் கேட்கிறான். அதற்கு மகளின் பதில்: "பரவாயில்ல. நீ நிம்மதியாப் போ, இங்க நான் இருக்கேன்."

ஒன்று போட்டாள். காரணம்: இப்படி அவள் சொல்ல மாட்டாள்.

மறுநாள் அச்சுதன் கூப்பிட்டான். வேலை விஷயம் கேட்பதுபோலவே கேட்டான்.

"வேற என்னதான்க்கா சொல்லுவா அவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. சாரி கேட்டவன் சாயங்காலம் கிளம்புறானா இல்லையான்னு பார்ப்பா."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அப்பா எழுந்து உட்கார்ந்தார். எனக்கென்னடா, நன்றாகத்தானே இருக்கிறேன் என்றார். அச்சுதன் அக்காவைப் பார்த்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டான். தாம்பரத்தில் பஸ் பிடிக்க வேண்டுமாம். அவன் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா சாய்ந்துவிட்டார்.

திங்களன்று திருத்திய காட்சி வந்தது. மகள் பேசவில்லை. சிப்பாய் மூட்டையைக் கீழே வைக்கிறான். "நீ போய்த் தூங்கு. இனிமே நான் இருக்கேன்."

மதிப்பெண் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. சுபத்ரா வெகுநேரம் அந்த வரியையே பார்த்திருந்தாள். அப்பா மறுபடி கூப்பிட்டார்.

மூன்று போட்டாள். மூன்றுக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.