தாளில் இல்லாத சொல்

சுவோன் கம்போடியாவில் பட்டம்பாங் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் ஐஸ் அறுத்து விற்பவர். உமிக்குள்ளிருந்து பாளத்தை இழுத்து, கழுவி, ரம்பத்தால் அறுப்பார். மற்றவர்கள் அறுத்தால் மூலை உடையும். இவர் அறுத்தால் உடையாது. கரும்புச்சாறு கடைக்காரர்கள் இவரிடம்தான் வாங்குவார்கள். சினிமா பார்க்கிற ஆளே இல்லை. அப்படிப்பட்டவர் 1984-ல், விண்வெளிக்குப் போகிற ஒரு ரஷ்யப் படத்தை ஒரே வாரத்தில் ஐந்து முறை பார்த்தார். ஐந்து முறையும் வயிற்றெரிச்சலோடுதான் பார்த்தார்.

எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் ஆண் குரல் எல்லாம் நான். பெண் குரல் எல்லாம் அவர் மனைவி தாவி அக்கா. வெளிநாட்டுப் படம் என்றால் நாங்கள் இருவரும் ஆப்பரேட்டர் அறையில் மைக்கின் முன் உட்கார்ந்து, படம் ஓட ஓட கெமர் மொழியில் பேசுவோம். வசனம் எழுதிய தாள் சினிமா அலுவலகத்திலிருந்து வரும்.

படத்தில் ஒரு விண்வெளிக் கப்பல் தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்துக்குப் புறப்படுகிறது. போனவன் திரும்பும்போது பூமியில் அவனுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கடைசி ரீலில் அவன் மனைவி ரேடியோ நிலையத்தில் நின்று கூப்பிடுகிறாள். தாளில் இருந்தது இதுதான்: "மித், கேட்கிறதா? மித், பதில் சொல்லுங்கள்." மித் என்றால் தோழர்.

தாவி அக்கா தாளைப் பார்த்துக்கொண்டே வேறு சொல்லைச் சொன்னார். "பொங், கேக்குதா? பொங்..."

பொங் என்பது வயதில் மூத்த யாரையும் கூப்பிடும் சொல்தான். நான்கூட சுவோனை அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் ஒரு பெண் அந்தக் குரலில் சொன்னால் அது புருஷனை. கீழே கொட்டகை முழுவதும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. பொல் பொட் ஆட்சியில் கூட்டிப் போகப்பட்டுத் திரும்பாத ஒருவராவது இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது.

அந்த முதல் காட்சிக்கு சுவோன் ஓசி டிக்கெட்டில் வந்திருந்தார். மறுநாள் காலை ஐஸ் வாங்கப் போனேன்.

"படம் எப்படி இருந்துச்சு பொங்?"

"என்னா படம்? அவ்ளோ பெரிய கப்பலு, ஒரு தூளி கட்டக் கம்பம் இல்ல. ட்யூபுல எதையோ பிதுக்கித் திங்கறான். பல்லு வெளக்கறானா சோறு திங்கறானான்னே தெரியல." ரம்பத்தை நிறுத்தினார். "அந்த மூஞ்சிக்கு ஒரு பொங்கா?"

"படம்தானே."

"படத்துல அவன் வாயத் தொறந்தா வர்றது உங்கொரல்தான்டா."

அப்போதுதான் அவர் பார்வை போகும் திசை எனக்குப் புரிந்தது. தாவி அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அவர் என்னைப் போரா என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். இருந்தாலும் ரம்பம் சுவோன் கையில் இருந்தது.

"அலுவலகத்துல எழுதிக் குடுக்கறத நாங்க படிக்கறோம், அவ்ளோதான்," என்றேன். என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள மதியக் காட்சிக்கு வந்தவருக்குத் தாளையும் காட்டினேன். என் முட்டாள்தனம். அவர் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"இங்க மித்துன்னு இருக்கு."

"ஆமா."

"அவ பொங்குங்கறா."

"...ஆமா."

"எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். வீட்டுல நான் மாலிஸ் அப்பா. மாலிஸ் பொறக்கறதுக்கு முன்னாடி 'இங்க பாருங்க', 'கேட்டீங்களா', அவ்ளோதான். நீகூட என்னைப் பொங்குங்கற."

அன்றும் அதற்கடுத்த நாளும் வந்தார். பகல் காட்சி முடியும்வரை முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். படத்தைப் பற்றி என்னிடம் சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. நட்சத்திரமெல்லாம் ரம்பத்திலிருந்து சிந்தும் ஐஸ் தூள் மாதிரி இருக்கிறதாம். கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லையாம். அந்த ஆள் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கிறானே, அழக்கூட இல்லையாம். "அவன் இருந்து ஒழச்சானா? கழண்ட சைக்கிள் செயின மாட்டினானா? போறான். போறவனுக்கு இவ்ளோ மரியாத."

நான்காம் நாள் இடைவேளையில் கொட்டகையின் பின்பக்கம் வந்துவிட்டார். தாவி அக்கா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் நழுவப் பார்த்தேன்.

"நீ இரு," என்றார் என்னிடம். பிறகு மனைவியிடம், "யாரக் கூப்பிடற?"

தாவி அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "ரித்திய."

ரித்தி அவருடைய முதல் கணவர். அந்தப் பேரை அதற்கு முன் அவர் வாயால் நான் கேட்டதில்லை. சுவோனும் கேட்டிருக்க மாட்டார்.

"அவரக் கூட்டிட்டுப் போனப்ப சுத்தி ஆளுங்க நின்னாங்க. மித்துன்னுதான் கூப்பிட முடிஞ்சுது. பொல் பொட்டோட அந்த மூணு வருஷமும் வேற மொற சொல்லக் கூடாது, எல்லாரும் எல்லாருக்கும் மித்துதான, யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சிருப்பாரு. திரும்பிப் பாக்கல. இன்னொரு தடவ ஒரு ஆளு போறப்ப அந்த வார்த்தைய என்னால சொல்ல முடியாது, மாலிஸ் அப்பா."

இடைவேளை முடிகிற மணி அடித்தும் சுவோன் நகரவில்லை.

"அப்ப எனக்கு?"

"ஒங்களுக்கென்ன? வீட்டுல இருக்கீங்க."

மறுநாள் சனிக்கிழமை, கடைசிக் காட்சி. மூன்று ரீல் முடிந்து கடைசி ரீல் மட்டும் பாக்கி இருந்தது. சுவோன் ஆப்பரேட்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு."

"கட்டலையே பொங்."

"கட்டிக்கிச்சுங்கறேன்ல."

எழுந்தேன். தாவி அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கடைசி ரீலில் அந்த ஆளுக்கு ஏழெட்டு வசனம்தான். சுவோன் விரல் வைத்துப் படித்தார். திரையில் வாய் மூடியபிறகும் பேச்சு வந்துகொண்டிருந்தது.

"யோவ், கப்பல்காரனுக்குச் சளி புடிச்சிருச்சு!" என்று கீழிருந்து ஒருவன் கத்தினான்.

"தூரம் அதிகம்யா, கொரல் வந்து சேர நேரமாகுது!"

சுவோன் காது சிவந்துவிட்டது, நிறுத்தவில்லை. ரேடியோ நிலையம் வந்தது. அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள். ஐந்தாவது முறையாக அந்த இடத்துக்குக் காத்திருந்த சுவோன் தாளை விட்டுவிட்டு மனைவியின் வாயைப் பார்த்தார்.

தாவி அக்காவும் அவரைத்தான் பார்த்தார். திரையில் உதடு அசைந்து முடியப் போகிறது. ஒரு சொல்லும் வரவில்லை. அக்காவுக்குப் பொய்யாகப் பேச வராது, சினிமாவில்கூட. கடைசியில் அவசரமாக, "மாலிஸ் அப்பா, கேக்குதா?" என்றார்.

கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. "அடப்பாவி, புள்ள எப்ப பொறந்துச்சு!" "சொல்லாமக் கெளம்பிட்டான்யா!" கைதட்டல், விசில்.

தாளில் அடுத்த வசனம், "கேட்கிறது. போகிறேன்." சுவோன், "கேக்குது," என்றார். போகிறேன் என்பதைச் சொல்லவில்லை. கப்பல் தானாகப் போயிற்று.

வெளியே வந்ததும் ஆட்கள் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். தாவி அக்கா தாள்களை அடுக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"எப்படிக் கைதட்டினாங்க பாத்தீங்களா பொங்," என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

சுவோன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்: "ரித்திக்குக் கொட்டகையே அழுதுச்சுடா போரா. எனக்குன்னா சிரிக்குது."