நாற்காலிக்கு ஒரு வெளியாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஊசியால் குத்தி, நாலு சொட்டு ரத்தத்தை அட்டையில் ஒற்றியெடுத்து, தைராய்டு ஒழுங்காகச் சுரக்கிறதா என்று பார்க்கும் திட்டம் அது. குறை இருப்பது சீக்கிரம் தெரிந்தால் தினம் ஒரு மாத்திரையில் குழந்தை மற்றக் குழந்தைகள் மாதிரியே வளரும். தாமதித்தால் மூளை வளர்ச்சி பின்தங்கும். திருப்பதியில் இருக்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு நான் பொறுப்பாளர். குழுவுக்குச் செயலாளரும் நான்தான். அதனால் தலைவர் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

விதி ஒன்றுதான். தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியோடும், மெஷின் வாங்கிக் கொடுத்தவரோடும், மருந்து விற்கிற கம்பெனியோடும் ஒட்டும் கூடாது, உறவும் கூடாது. எழுதுவதற்குச் சுலபமான விதி. திருப்பதியில் தேடினால் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வேண்டியவர்கள். சித்தூரில் தேடினால் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி.

டைரக்டருக்கு இதில் அவசரம் எதுவும் இல்லை. மெஷின் கொடுத்தவர் பங்காருபாளையத்தில் மாம்பழக் கூழ் பேக்டரி வைத்திருப்பவர், அவருடைய மைத்துனரை உட்கார வைத்து ஒரு சால்வை போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். நான் விடவில்லை. எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று பிறந்த வீட்டிலும் புகார் உண்டு, புகுந்த வீட்டிலும் புகார் உண்டு.

இந்த முறை என் பிடிவாதத்துக்குக் காரணம் நகரியில் இருந்தது. திட்டம் தொடங்கிய வருஷம் அங்கிருந்து ஒரு பெண் குழந்தையின் அட்டை வந்தது. பரிசோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். தட்டு நிறையாமல் மெஷினில் ஓட்டினால் மீதிக் குழிகளுக்கான மருந்து வீண். அதனால் தட்டு நிறையட்டும் என்று அட்டைகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்துக் காத்திருந்தேன். அந்த அட்டை பதினெட்டு நாள் காத்திருந்தது. அந்தக் குழந்தைக்குத்தான் குறை இருந்தது. உடனே போன் செய்தோம், மாத்திரை ஆரம்பித்தோம், ஆனால் நாள் போனது போனதுதான். இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. நடை தாமதம், பேச்சு இன்னும் வரவில்லை. இதில் தாமதத்தால் வந்தது எவ்வளவு என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார். இல்லை என்றும் சொல்ல மாட்டார். அந்தத் தாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நிறையாவிட்டாலும் தட்டைத் தினமும் ஓட்டலாம் என்று டைரக்டரிடம் மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். "கமிட்டி வரட்டும், கமிட்டி சொல்லட்டும்" என்றார். கமிட்டிக்குத் தலைவர் இல்லை. எனவே தலையாட்டாத ஓர் ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

நேர்காணலில் டைரக்டர், குழந்தை டாக்டர், நான் என மூன்று பேர் உட்கார்ந்தோம். வந்தவர்கள் எல்லாரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன். ஓர் ஆய்வகத்தில் இப்படி ஓர் அட்டை பதினெட்டு நாள் கிடந்தது, தலைவராக நீங்கள் என்ன செய்வீர்கள்? ரிட்டையரான பெரிய டாக்டர் ஒருவர் சிரித்துவிட்டு, புதுத் திட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்றார். பேக்டரிக்காரரின் மைத்துனர் விசாரணைக் குழு போடலாம் என்றார். பிறகு தன் போட்டோ வரவேற்பறையில் வருமா, ஆபீஸ் ரூமில் வருமா என்று கேட்டார். நான் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக வந்தவர் கங்காதர நெல்லூர்ப் பக்கத்து அம்மா. சித்தூரில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் தரப் பரிசோதனை பார்த்து ரிட்டையரானவர். பையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ்ஸில் வந்திருந்தார். என் கேள்வியைக் கேட்டதும் பையைக் கீழே வைத்தார்.

"கேன் வந்தா அப்பவே டெஸ்ட்டு பண்ணுவோம். ஒரு கேனு வந்தாலும் அதான், நூறு வந்தாலும் அதான்" என்றார். "டேங்கர் நெறையட்டும்னு காத்துக்கினு இருந்தா பால் திரிஞ்சி பூடும். ரத்தம் திரியாது, அதான் உங்களுக்குத் தைரியம். ஆமா, நிறுத்தி வெச்சது யாரு?"

டைரக்டர் மேஜையைப் பார்த்தார். இது ஒரு உதாரணக் கேள்விதானம்மா என்று குழந்தை டாக்டர் ஆரம்பித்தார்.

"உதாரணத்துக்குப் பதினெட்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க டாக்டர். இருபதுன்னுதான் சொல்லுவாங்க."

"நான்தான்மா" என்றேன். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

"அந்தக் கொழந்தையோட அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மொத வேல அது. நான் தலைவரா வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி."

அவர் போனபின் டைரக்டர் தெலுங்கில் அலுத்துக்கொண்டார். நமக்கு எதற்கம்மா இந்த வம்பு, இவர் வந்தால் முதல் மீட்டிங்கிலேயே உங்களைத்தான் வெளியே அனுப்பச் சொல்வார் என்றார். சொன்னால் போகிறேன் சார், தட்டு மட்டும் தினமும் ஓடட்டும் என்றேன். செயலாளர் என்ற முறையில் அவர் பெயரைச் சிபாரிசு செய்து எழுதினேன். பதினெட்டு நாள் விஷயத்தையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தை டாக்டர் வாங்கிப் படித்துவிட்டுக் கீழே தானும் போட்டார். தாளில் வந்துவிட்டதை டைரக்டரால் கிழிக்க முடியவில்லை. நியமன உத்தரவு வர மூன்று வாரம் ஆனது. அதற்கு முன்பே நான் நகரிக்குப் பஸ் ஏறினேன்.

அந்த வீட்டில் தாய் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். நான் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அட்டை எந்தத் தேதி வந்தது, எத்தனை நாள் குளிர்பெட்டியில் இருந்தது, ஏன் இருந்தது, யார் வைத்தது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போயிருந்தேன்.

அவள் திட்டவில்லை. குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"மாசமா இருக்கச்சே ஏழு மாசம் வரைக்கும் தறிக்குப் போய்க்கினு இருந்தேன் மேடம்" என்றாள். "அந்தத் தறிச் சத்தத்துலதான் கொழந்த மந்தமாச்சுன்னு எங்க அத்த ரெண்டு வருசமா சொல்லிக்கினு கீறாங்க. ஊட்டுக்காரும் அதான் சொல்றாரு. நானும் அப்பிடித்தான்னு நம்பிக்கினு கீறேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். பின்கட்டில் மாமியார் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்த, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். பிறகு என்னிடம், "இப்ப சொன்னத இவங்க எதுர்ல இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம். ஒண்ணும் உடாம சொல்லுங்க" என்றாள்.

மாமியார் முறத்தோடு வந்து நின்றார். நான் எழுந்து நின்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.