திருப்பி வாங்கிய சாட்சி

எங்கள் கடையில் யார் இருமினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடைகளில் அது வழக்கம்தான். மூட்டையைப் பிரித்துக் கொட்டியதும் தூசி எழும்பும். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெரிய காய், சிறிய காய், வெடித்த காய் என்று பிரிப்பார்கள். அதில் நாலு பேர் இருமுவார்கள். ஐந்தாவதாக நானும் இருமினேன். அது எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

கடை என் வீட்டுக்காரருடையது. மேற்பார்வை என்ற பெயரில் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. என் பெயர் எஸ்தர். அப்போது வயது நாற்பத்தெட்டு. சபையில் பெண்கள் ஜெபக்குழுவுக்கு நான்தான் தலைவி. யாருக்கு என்ன நோய் என்றாலும் வீடு தேடிப் போய் ஜெபிக்கிறவள். எனக்கு நோய் வரும் என்று நான் நினைத்ததில்லை. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

உடம்பு இளைத்தது. ரவிக்கை தொளதொளத்தது. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபித்துவந்த காலம் அது. அதனால் இளைப்பை உபவாசத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், விடியும்போது தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். மலையிலிருந்து வருகிற காற்று சேரவில்லை என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். இருமலுக்கு ஏலக்காய்த் தூசி, இளைப்புக்கு உபவாசம், காய்ச்சலுக்குக் காற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது.

ஒரு காலையில் துப்பிய சளியில் ரத்தம் இருந்தது. அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள், மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் என் மகள் வயதுப் பெண். காசநோய் (நுரையீரலில் கிருமி தங்கி அரிக்கும் நோய், காற்றில் பரவும்) என்றார்.

“பயப்படாதீங்கம்மா. சரியாயிரும். ஆனா ஆறு மாசம், ஒரு நாள்கூட விடாம மாத்திரை போடணும். முதல் ரெண்டு மாசத்துலயே நல்லா ஆன மாதிரி இருக்கும். அங்கதான் எல்லாரும் ஏமாந்துபோறாங்க.”

நான் தலையாட்டினேன். எப்படி யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போவது என்பதுதான் என் மனதில் ஓடியது. சபையில் நெஞ்சுச்சளி என்று மட்டும் சொல்லிக்கொண்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கடைக்குச் சுகாதாரப் பணியாளர் வந்து எல்லாப் பெண்களையும் சோதித்தபோது, கடையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தச் சோதனையில் பாக்கியத்துக்கும் நோய் இருப்பது தெரிந்தது. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பஸ்சில் வருகிறவள். முப்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். என் பக்கத்து இடம் எப்போதும் அவளுக்குத்தான். என்னைப் பார்த்துத்தான் சபைக்கே வர ஆரம்பித்தாள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் உறுதியாகச் சொல்வேன், என்னிடமிருந்துதான். ஆனால் அன்று சொல்லவில்லை.

மாத்திரைகளைப் பற்றி, இதே பாதையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் போட வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம்தான் அது, பயப்பட வேண்டாம். முதல் சில வாரங்கள் குமட்டும். சோற்றைப் பார்த்தாலே எரிச்சல் வரும். மூட்டுகள் வலிக்கும். கண் மஞ்சளித்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். பிறகு ஒருநாள் பசிக்கும். எனக்குப் பசித்த அன்று, ஒரு தட்டு சோறும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டு அழுதேன்.

இரண்டு மாதம் முடிந்து சளியைச் சோதித்தபோது கிருமி இல்லை. “ரொம்ப நல்லதும்மா. இன்னும் நாலு மாசம் மாத்திரையை விட்றாதீங்க” என்றார் டாக்டர். நான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார். மூன்றாம் மாத ஆரம்பத்தில் நான் எழுந்தேன். இத்தனை நாள் மறைத்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அதற்குத் தைரியம் வேண்டும் என்பது உண்மைதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லார் கண்ணிலும் நீர் நிற்பதைப் பார்த்ததும் என் வாய்க்குக் கால் முளைத்துவிட்டது. “கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்துட்டாரு. கிருமியே இல்லன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க” என்றேன். சபை அல்லேலூயா என்றது.

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பூரண சுகம் என்று சொன்னவளுக்கு மாத்திரை எதற்கு? இதை விழுங்கினால் நேற்றுச் சொன்னது பொய்யாகும், கர்த்தரைச் சந்தேகிக்கிறவள் ஆவேன் என்று தோன்றியது. அதை விசுவாசம் என்று நினைத்தேன். சாட்சி சொன்ன என் முகத்தைக் காப்பாற்றுகிற வேலை அது என்று இப்போது தெரிகிறது.

மாதாமாதம் வாங்கிவந்த மாத்திரை அட்டைகளைக் கடையில் பழைய ஏலக்காய் சாம்பிள் டப்பா ஒன்றுக்குள் போட்டேன். “மாத்திர போட்டியா எஸ்தரு?” என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்பார். “ம்” என்பேன். விசுவாசத்தைக் காப்பாற்ற நான் தினமும் ஒரு பொய் சொன்னேன். அது எனக்கு உறுத்தவே இல்லை.

இரண்டரை மாதம் போயிற்று. சாயங்காலக் காய்ச்சல் திரும்ப எட்டிப் பார்த்தது. நான் இன்னும் அதிகமாக ஜெபித்தேன். பாக்கியமும் இளைத்துக்கொண்டு வந்தாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டில் காயைப் பிரித்துக்கொண்டிருந்தவள் குனிந்து இருமினாள். நிமிரும்போது பச்சைக் காய்களின் மேல் ரத்தம் கிடந்தது. ஒரு கை நிறைய. பெண்கள் கத்திக்கொண்டு எழுந்தார்கள். அவள் என்னைப் பார்த்து, “காயி வீணாப்போச்சேக்கா” என்றாள்.

தேனியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளைத் தனி வார்டில் போட்டார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

“மாத்திரய நிறுத்திட்டேன்க்கா.”

“ஏன்டி நிறுத்துன?”

“நீங்க நிறுத்திட்டீங்கள்ல. சாம்பிள் எடுக்கப் போனப்ப டப்பாவுக்குள்ள அட்டையெல்லாம் பாத்தேன். நா மட்டும் போட்டா எனக்கு விசுவாசம் இல்லன்னு ஆயிரும்லக்கா.” மூச்சு வாங்கியது. “உங்களுக்கு நல்லாயிருச்சு. எனக்குத்தான் ஆகல. என்கிட்ட என்ன பாவம் இருக்குன்னு தெரியல.”

என் நெஞ்சுக்குள் அந்த நேரமே இருமல் முட்டிக்கொண்டு நின்றது. அதை அடக்கினேன். வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், இருமல் வெளியே தெரியாமல் அவள் எதிரே நின்ற அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வேன். பிறகு வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். என் வீட்டுக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மலையிலிருந்து வருகிற காயை ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்குவார். சலசலக்க வேண்டும். தோலைப் பிதுக்கினால் உள்ளே ஏலரிசி கறுத்துக் காய்ந்திருக்க வேண்டும். காய்ச்சல் (உலர்த்துவதை அப்படித்தான் சொல்வோம்) முடியும் முன்னாலேயே அவசரத்தில் உலர்த்தும் அறையிலிருந்து எடுத்த காய் பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும். மூட்டைக்குள் பத்து நாளில் பூசணம் பிடித்து, பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். அப்படிப்பட்ட லோடைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவரைவிட அதிகமாகச் சண்டை போட்டவள் நான்தான்.

“அரைக் காய்ச்சல்ல எடுத்த காய எத்தன மூட்ட திருப்பி அனுப்பிருப்ப எஸ்தரு” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். சோதனையில் எனக்குக் கிருமி திரும்ப வந்திருந்தது. பழைய மருந்துக்கு மசிகிற கிருமிதான். முதலிலிருந்து ஆறு மாதம். பாக்கியத்தின் கிருமி இரண்டு முக்கிய மருந்துகளுக்கு மசியவில்லை (மருந்து எதிர்ப்புக் காசநோய், விட்டு விட்டுச் சாப்பிட்டாலும் இப்படி ஆகலாம்). அவளுக்கு ஒன்றரை வருடம், கடுமையான மருந்துகள். பிழைப்பாளா என்று கேட்டேன். “விடாம சாப்பிட்டா வாய்ப்பு இருக்கும்மா” என்றார் டாக்டர். அந்த ‘வாய்ப்பு’ என்ற சொல்லோடு பல நாள் படுத்து எழுந்தேன்.

அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. பெரிய பெரிய வார்த்தைகளாக வாயில் வந்தன, எல்லாவற்றிலும் சாம்பிள் டப்பாவின் வாடை அடித்தது. ஒன்று மட்டும் மனதில் திரும்பத் திரும்ப வந்தது: நீ சபையில் சொன்னதைச் சபையிலேயே போய்த் திருப்பி வாங்கு. அது யாருடைய குரல் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எனக்குப் பிடிக்காததைச் சொன்னதாலேயே தெரிந்துகொண்டேன்.

பாஸ்டரிடம் போனில் கேட்டேன். நல்ல மனிதர், தயங்கினார்.

“அதச் சபைல வச்சுச் சொல்லணுமாம்மா? ஜனங்க விசுவாசத்துல இடறிருவாங்க.”

“ஏற்கெனவே ஒருத்தி இடறி ஆஸ்பத்திரில கெடக்கா பாஸ்டர்.”

டாக்டர் அனுமதிக்கும் வரை வீட்டில் தனியறையில் இருந்தேன். அடுத்து வந்த முதல் ஞாயிறு, முகக்கவசத்தோடு கதவருகிலேயே நின்றேன். முன்பு பத்து நிமிடம் பேசியவள், அன்று பேசியது கொஞ்சம்தான்.

“பூரண சுகம்னு இங்க நின்னு சொன்னேன். எனக்கு அப்ப பாதிதான் நல்லாயிருந்துச்சு. நா சொன்னத மெய்யாக்குறதுக்காக மாத்திரய நிறுத்துனேன். டெய்லி வீட்ல பொய் சொன்னேன். என்னப் பாத்து பாக்கியமும் நிறுத்திட்டா. அந்தச் சாட்சிய நா திருப்பி வாங்கிக்கிறேன். மாத்திரையும் கர்த்தர் குடுத்ததுதான். யாராச்சும் என்னப் பாத்து நிறுத்தியிருந்தா, இன்னைக்கே போடுங்க.”

அல்லேலூயா என்று யாரும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் பலர் என்னைத் தவிர்த்து வேறு வாசல் வழியாகப் போனார்கள். ஜெபக்குழுவுக்கு வேறு தலைவி வந்தார். வலித்தது. இன்றும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் அந்த வாரத்தில் இரண்டு பெண்கள் தனித்தனியாக வீட்டு வாசலுக்கு வந்து, சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்ததாகவும் திரும்ப ஆரம்பித்துவிட்டதாகவும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாக்கியம் ஆறு வாரம் கழித்து ராசிங்காபுரம் திரும்பினாள். அவள் புருஷன் என்னை வீட்டுக்குள் வரவிடவில்லை. அவர் கோபம் நியாயம்தான். போன் செய்தேன். எடுத்தாள். புது மாத்திரைகள் அவளைப் பாடாய்ப் படுத்தின. காதுக்குள் இரைச்சல், வாந்தி, கால் எரிச்சல்.

“முடியலக்கா. விட்றலாம்னு இருக்கு.”

“காலைல ஆறு மணிக்கு நா மாத்திர போடுறப்ப ஒனக்குப் போன் பண்றேன். ரெண்டு பேரும் சேந்தே முழுங்குவோம்.”

“மாத்திரய நம்புனா கர்த்தர நம்பலன்னு ஆகாதாக்கா?”

முன்பென்றால் ஒரு பிரசங்கமே வைத்திருப்பேன். “எனக்கு எல்லாம் தெரியாதுடி. அன்னன்னைக்குச் சொன்னத அன்னன்னைக்குச் செய்யிறதுதான் இப்ப எனக்குத் தெரிஞ்ச விசுவாசம். நாளைக்கு இன்னுங் கொஞ்சம் தெரியும்” என்றேன்.

அப்படித்தான் தினமும் ஆறு மணி வந்தது. விசுவாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உச்சிக்கு ஏறிவிடும் என்று நம்பியிருந்தவள் நான். அது குரங்கணி மலைப் பாதை மாதிரி, ஒவ்வொரு அடியாகத்தான் மேலே போகிறது. நின்றால் நின்ற இடம்தான். நோய்க்கு முன் என் உடம்பு எனக்குச் சொந்தம் என்றிருந்தேன். இப்போது என் மூச்சு பக்கத்தில் இருப்பவளின் மூச்சிலும் கலந்திருக்கிறது என்று தெரியும். மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. நுரையீரலில் தழும்பு இருக்கிறது, அது போகாது என்றார் டாக்டர். காலத்தையும் இப்போது மாதங்களாக எண்ணுவதில்லை. இன்றைய காலை முடிந்ததா என்று மட்டும் பார்க்கிறேன்.

என் ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் சிகிச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாட்சி சொல்லும்படி பாஸ்டரே கேட்டார். பாக்கியம் முடிக்கட்டும், அவள் விரும்பினால் அவள் சொல்லட்டும் என்றேன். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கடைசியாகச் சோதித்ததில் சளியில் கிருமி இல்லை. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுத் துள்ளவில்லை.

இன்று காலையும் ஆறு மணிக்குத் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போன் செய்தேன்.

“போட்டியா பாக்கியம்?”

“போட்டேன்க்கா. நீங்க போட்டீங்களா?”

எனக்கு மாத்திரை முடிந்துவிட்டது அவளுக்குத் தெரியும். பழக்கத்தில் கேட்டுவிட்டாள். என் தொண்டையில் அந்தப் பழைய “ம்” வந்து நின்றது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே பயமாக இருந்தது.

“இல்லடி” என்றேன். “தண்ணி மட்டும் குடிச்சேன்.”